18ஆ, 21ஆ? அமெரிக்காவின் குடி வயதுச் சண்டை

1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆனதும், அமெரிக்க மாநிலங்கள் பல குடிக்கும் வயதையும் இறக்கின. 18 போதும் என்பவர்களின் வாதம் இன்றும் அதுதான்: ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், ஒரு பியர் மட்டும் கூடாதா? நியாயமான கேள்விதான். தடையால் மாணவர்கள் அறைக்குள் ஒளிந்து அளவுமீறிக் குடிக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்களே 21 என்ற வயதை மறுபடி விவாதிக்கச் சொன்னார்கள்.

21 பக்கத்தின் வாதம் சாலையில் இருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் வயது குறைவு என்றால், இளைஞர்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு நள்ளிரவில் காரோட்டித் திரும்புவார்கள். அந்த இடங்களுக்கு ‘ரத்த எல்லைகள்’ என்றே பெயர் வந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரால் மகளை இழந்த கேண்டி லைட்னர் 1980இல் குடித்துவிட்டு ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார் அமைப்பைத் தொடங்கினார். 1984இல் அதிபர் ரீகன் குடி வயதை 21 ஆக்க மாநிலங்களை நெருக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். வயதை உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதி குறையும். 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்தன.

நான் 21 பக்கம். வயதை உயர்த்திய பிறகு இளைஞர்களின் விபத்து மரணங்கள் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சரி, ஜெர்மனியில் 16 வயதிலேயே பியர் வாங்கலாமே என்பார்கள். அங்கே தனியாகக் கார் ஓட்ட 18 ஆக வேண்டும். அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதுப் பிள்ளை கையிலேயே கார் சாவி.