துபாய், சிங்கப்பூர்ல இருந்து எஸ்&பி 500 வாங்கணும்னா: விஓஓவா, சிஎஸ்பிஎக்ஸா?

எஸ் அண்ட் பி 500ங்கிறது அமெரிக்காவோட பெரிய கம்பெனிங்க சுமார் 500 இருக்குற பங்குப் பட்டியல், அத அப்படியே பின்பற்றுற ஃபண்டுங்கதான் விஓஓ (VOO), சிஎஸ்பிஎக்ஸ் (CSPX). ரெண்டுலயும் உள்ள இருக்குறது அதே அமெரிக்க கம்பெனிங்கதான். விஓஓ அமெரிக்காவுல பதிவான வான்கார்டு ஃபண்ட், வருஷ கட்டணம் 0.03%. சிஎஸ்பிஎக்ஸ் அயர்லாந்துல பதிவான ஐஷேர்ஸ் ஃபண்ட், 0.07%. இத மட்டும் பாத்துட்டு நெறைய பேரு விஓஓ பக்கம் போயிடுறாங்க, ஆனா அசல் செலவு வரியிலதான் ஒளிஞ்சிருக்கு.

அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவோட வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, அதனால விஓஓல 100 டாலர் டிவிடெண்ட் (கம்பெனிங்க தர்ற லாபப் பங்கு) வந்தா 30 டாலர் அமெரிக்க வரியா அங்கயே போயிடும், சிஎஸ்பிஎக்ஸ்ல அயர்லாந்து ஒப்பந்தத்தால ஃபண்டுக்குள்ள 15தான் போகும், மிச்சத்த அதுவே திரும்ப முதலீடு பண்ணிடும், நாம ஒண்ணும் பண்ண வேணாம். டிவிடெண்ட் 1.3%னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 0.2% மிச்சம், அந்த 0.04% கட்டண வித்தியாசமெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

இன்னொன்னு, யாரும் பேச விரும்பாத விஷயம். நாம இறந்துட்டா, அமெரிக்க சொத்து 60,000 டாலருக்கு மேல இருந்தா எஸ்டேட் வரி (இறந்தவங்க விட்டுட்டுப் போற சொத்து மேல போடுற வரி) 40% வரைக்கும் வரலாம், அதுல விஓஓ மாட்டும், சிஎஸ்பிஎக்ஸ் மாட்டாது. வீட்டுக்காரங்க எதுக்குங்க அந்த வரி ஃபார்ம் எல்லாம் வச்சுக்கிட்டு அலையணும்?

விஓஓல வாங்குறது விக்குறது ஈஸி, அது உண்மை. ஆனா நான் சிஎஸ்பிஎக்ஸ்தான் சொல்லுவேன். கிரீன் கார்டு இருக்கவங்க மட்டும் அந்தப் பக்கமே போகாதீங்க, பிஎஃப்ஐசி (வெளிநாட்டு ஃபண்டு வச்சிருக்கவங்களுக்கு அமெரிக்கா போடுற தனி வரி விதி) வரி கணக்கு போட்டே உயிர் போயிடும், அவங்களுக்கு விஓஓதான்.