எழுதாத பிரிட்டன், எழுதிய அமெரிக்கா

பிரிட்டனுக்கு ஒரே ஏடாக அரசமைப்புச் சட்டம் கிடையாது. 1215 ஜூனில் ரன்னிமீடு புல்வெளியில் ஜான் மன்னர் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் போப் ரத்து செய்தார். ஆனாலும் அது பிழைத்துக்கொண்டது. அப்புறம் 1689-ன் உரிமைச் சட்டம், மீதி வழக்கங்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு அரியணை கடைசியாக ஒப்புதல் மறுத்தது 1708-ல். மறுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. யாரும் மறுப்பதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கா நேர்மாறு: 1787, பிலடெல்பியா, நான்கு தோல் தாள்களில் அரசமைப்பு. எழுதியதுதான் சட்டம் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். இரண்டு தவணையோடு அதிபர் விலகுவது வாஷிங்டன் தொடங்கிவைத்த வெறும் வழக்கம். 1940-ல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வென்று அதை உடைத்த பிறகே, 1951-ல் 22-வது திருத்தமாக ஏட்டில் ஏறியது.