2003இல் வாங்கிய சோக்: ஒரு திண்ணை டியூப் லைட்டின் கதை

திருவாரூர் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் 2003இல் மாட்டிய 40 வாட் டியூப் லைட் இன்றும் எரிகிறது. டியூபை ஏழெட்டு முறை மாற்றியாயிற்று. ஸ்டார்டருக்குக் கணக்கே இல்லை. சோக் மட்டும் அன்று வாங்கியதேதான். கையில் எடுத்தால் படிக்கல் மாதிரி கனக்கும். சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கி, எனாமல் பூசிய செம்புக்கம்பியைச் சுற்றியிருப்பார்கள். கெட்டுப்போக உள்ளே வேறு சாமான் கிடையாது.

சோக் என்பது வெறும் காயில், பாடப்புத்தகத்தில் மின்தூண்டி. எனக்கு அது விளங்கியது எங்கள் ஊர் ஆழித்தேரை வைத்துத்தான். தேரைக் கிளப்புவது பெரும்பாடு; கிளம்பிவிட்டால் நிறுத்துவதும் பெரும்பாடு. காயிலில் கரண்டும் அப்படியே. கரண்ட் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். கரண்ட் கூடவோ குறையவோ பார்த்தால் புலமும் மாறும்; அந்த மாற்றத்தை எதிர்க்கும் வோல்டேஜ் காயிலிலேயே பிறக்கும்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்டருக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூட்டில் வளைந்து ஒட்டிக்கொள்கிறது. டியூபின் இரு முனைகளும் சிவக்கின்றன. பட்டை ஆறி விலகும்போது சோக்கில் ஓடிய கரண்ட் சட்டென்று அறுபடுகிறது. ஓடுகிற தேருக்கு முட்டுக்கட்டை போட்டால் கட்டை என்ன பாடுபடும்! அந்த உதையில் வோல்டேஜ் பல நூறுக்கு எகிறி, டியூபுக்குள் வாயு பற்றிக்கொள்கிறது. வீட்டுக் கரண்ட் முன்னும் பின்னும் திசை மாறி மாறி ஓடுவது; அறுபடும் நேரத்தில் அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் உதை போதாது. இரண்டு மூன்று தடவை கண்சிமிட்டுவது அதனால்தான்.

பற்றியபின் சோக்குக்கு வேறு வேலை. எரியும் வாயுவுக்கு அளவு தெரியாது. கரண்ட் கூடக்கூட அதன் தடை குறையும், விட்டால் டியூபே போய்விடும். தேரை நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் இழுத்தால் எவ்வளவு நகரும்? கரண்டும் அப்படித்தான் 0.4 ஆம்பியரை ஒட்டி அடங்கிக் கிடக்கிறது. இதையே ஒரு ரெசிஸ்டரை வைத்துச் செய்தால் விளக்கைவிட அதிக வாட் சூடாகவே வீணாகும். சோக்கில் போவது பத்து வாட் சொச்சம்.

குறை இல்லாமலா? மேட்டூர் ஜூன் 12இல் திறக்காத வருஷங்களில் குறுவைக்கு ஊரே ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) மோட்டாரை நம்பும். சாயங்காலம் வோல்டேஜ் விழுந்து, டியூபின் ஓரம் மட்டும் சிவந்து கிடக்கும். அப்புறம் அந்த ரீங்காரம்: தகடுகள் நொடிக்கு 100 தடவை அதிர்கின்றன. மெயினை அணைத்துவிட்டு ஸ்குரூவை இறுக்கினால் பாதி அடங்கும். கஜா புயலுக்குப் பிறகு வாங்கிய சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் எதற்கும் அடங்காது.

அடுப்படிக்கு எலக்ட்ரானிக் சோக் போட்டேன். போட்டவுடன் எரியும், சத்தம் இல்லை, குறைந்த வோல்டேஜிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் இதுவரை மூன்று போய்விட்டன, ஒன்று ஐப்பசி இடியில். பிரித்துப் பார்த்தால் அதிலும் சுண்டுவிரல் அளவில் ஒரு காயில். கரண்ட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும்போது தேர் எதற்கு, சப்பரம் போதும். கூடத்தில் செத்த எல்இடி டியூபுக்குள்ளும் ஒரு குட்டிக் காயில் இருந்தது.

திண்ணைக்கும் எல்இடி மாற்றச் சொல்கிறார்கள் வீட்டில். கரண்ட் பில்லைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். இந்த டியூப் போகட்டும் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். பரணில் இன்னும் இரண்டு டியூப் இருப்பதை நான் சொல்லவில்லை.