கவுன்சலரா, மனநல மருத்துவரா?

பல்லடத்திலோ கோபியிலோ ஒரு பையன் ராத்திரி தூங்காமல், காதில் யாரோ பேசுவதாகச் சொன்னால், "நல்ல கவுன்சலர் யாராச்சும் இருக்காங்களா?" என்றுதான் வீட்டில் விசாரிக்கிறார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது.

கவுன்சலர்களில் முதுகலை உளவியல் படித்தவரும் உண்டு, சில மாதச் சான்றிதழ்ப் படிப்போடு போர்டு மாட்டியவரும் உண்டு. பரீட்சை பயம், குடும்பச் சண்டை, துக்கம் என்றால் அவர்கள் பேச்சு பெரிய ஆறுதல். ஆனால் மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் கொண்ட தீவிர மனநோய்) நோயாளி ஒருவரைக்கூட வார்டில் பார்க்காமலே அந்தக் குறுகிய படிப்பை முடித்துவிடலாம்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் 3 ஆண்டு எம்.டி. படித்தவர். அறிகுறிக்குக் காரணம் தைராய்டா, வலிப்பா, கஞ்சாவா என்று பிரித்துப் பார்ப்பார். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மருந்து கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும், மனச்சிதைவுக்கான க்ளோசபின் மருந்து கொடுத்தால் வெள்ளையணுக்களையும் கவனிக்க வேண்டும். மருந்து எழுதும் உரிமை கவுன்சலருக்குக் கிடையாது. சரி, மருத்துவரிடம் குறையே இல்லையா? உண்டு. கூட்டத்தில் மனம்விட்டுப் பேச நேரம் கிடைப்பதில்லை.

அதனால் தீவிர நோய்க்கு முதலில் மருத்துவர்தான். அப்புறம், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரை (மருந்தில்லாமல் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்)ச் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தாருக்கும் நோயைப் புரியவைத்தால் அது திரும்பி வருவது குறைகிறது. கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள்; அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.