ஃபோர் வீல் டிரைவில் எந்தக் கியர்பாக்ஸ் தாங்கும்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை இன்னும் அசையாமல் இருக்கிறது. காட்டுப் பாதைக்கு மேனுவல்தான் உழைக்கும், ஆட்டோமேட்டிக் டவுனுக்குத்தான் சரி என்பார்கள். பழைய ஜீப்புகளின் காலத்தில் அது உண்மை. இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் டீசல் வண்டிகளுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு. இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம், கம்பெனிகள் வெளியிடும் விவரத்தாளிலேயே இருக்கிறது.

டொயோட்டா ஃபார்ச்சூனரை எடுத்துக்கொள்ளுங்கள். 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றேதான். ஆட்டோமேட்டிக் வண்டியில் அது 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, தருகிறது. மேனுவலில் 420தான். 80 நியூட்டன் மீட்டரைக் கம்பெனியே குறைத்து வைத்திருக்கிறது. மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் 175 பி.எஸ். டீசலில் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக்கு 400. மஹிந்திராவின் மூன்று கதவுத் தார் பெட்ரோலில் மேனுவலுக்கு 300, ஆட்டோமேட்டிக்குக்கு 320. எல்லா வண்டியிலும் இப்படி இல்லை. அதே தாரின் 2.2 டீசலில் இரண்டுக்கும் 300தான். ஆனால் எஞ்சின் பலம் கூடக் கூட இந்த வித்தியாசம் தலைகாட்டுகிறது. மேனுவல் பெட்டியும் கிளட்சும் எவ்வளவு தாங்கும் என்று வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் இதைச் செய்கிறார்கள் என்பது என் கருத்து.

உள்ளே திறந்து பார்த்தால் காரணம் புரியும். மேனுவல் பெட்டியில் இரண்டு ஷாஃப்ட்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. பெரும்பாலான கியர்களில், சுமை கடக்கும் ஒவ்வொரு ஜோடிச் சக்கரத்திலும் ஒரே இடத்தில் இருக்கும் பற்கள் முழுச் சுமையையும் ஏற்கின்றன. சுமை ஏறும்போது அந்தப் பற்கள் இரண்டு ஷாஃப்ட்களையும் ஒன்றை விட்டு ஒன்று தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலை பேரிங்குகளும் வெளிக்கூடும்தான் தாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இருப்பது பிளானட்டரி கியர். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி மூன்று நான்கு சிறு சக்கரங்கள். சுமை அத்தனையிலும் பங்கு பிரிகிறது. எதிரெதிர்ப் பக்கத் தள்ளல்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அதனால் சின்ன இடத்துக்குள் பெரிய டார்க்கைத் தாங்க முடிகிறது.

அடுத்தது அதிர்ச்சிச் சுமை. பாறையில் வழுக்கிச் சுற்றும் டயர் சட்டென்று பிடி கிடைத்து நிற்கும் கணத்தில் ஒரு பெரிய அடி பின்னோக்கி வரும். மேனுவலில் அந்த அடி ஆக்சில் ஷாஃப்ட், கியர் பற்கள், கிளட்ச் என்று நேராக ஓடுகிறது. இருப்பதில் எது பலவீனமோ அது உடைகிறது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே, கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அடியில் ஒரு பகுதியை அந்த எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. பாறையில் இஞ்ச் இஞ்ச்சாக ஏறுகிற வண்டிக்கு இது பெரிய காப்பு.

மேனுவலின் உண்மையான பலவீனம் கியரில் இல்லை, கிளட்சில் இருக்கிறது. பல்லும் ஷாஃப்ட்டும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். கிளட்ச் பிளேட் ஒரே மதியத்தில் கருகிப் போகும். ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்திப் பிடிப்பது, சேற்றிலிருந்து முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பது, 4 லோ (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச்) போடாமல் ரிவர்சில் மேடு ஏறுவது, இவை மூன்றும்தான் அதிகம் கொல்கின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய மஹிந்திரா ஜீப்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாறைப் பாதையில் ஓட்டுநர்கள் லோ கியரில் போட்டு, காலைக் கிளட்ச்சிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, எஞ்சினையே நடக்க விடுவார்கள். அந்தக் கை இருந்தால் மேனுவல் உழைக்கும். எப்போதாவது மலைக்குப் போகிற நகரத்து ஓட்டுநரிடம் அந்தக் கையை எதிர்பார்க்க முடியாது.

சரி, மேனுவல் எங்கே ஜெயிக்கிறது? ரிப்பேரில். பழுது வரும்போது அது சொல்லிவிட்டு வருகிறது. கிளட்ச் தேய்ந்தால் கருகல் வாசனை வரும். கியர் மாறும்போது வேகத்தை இணங்க வைக்கும் சின்க்ரோ ரிங் தேய்ந்தால் இரண்டாவது கியர் விழும்போது கறகறக்கும். பேரிங் போனால் நியூட்ரலில் ஊளைச் சத்தம் கேட்கும், கிளட்சை மிதித்தால் நிற்கும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவது எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழகிய வேலை. ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறந்து, எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் அப்படிக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வார்கள், செலவு பல மடங்கு. ஊருக்கு வெகுதூரம் போகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கின் எதிரி வெப்பம். மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது கன்வர்ட்டருக்குள் எண்ணெய் அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வீணான சக்தி முழுதும் சூடாகிறது. எண்ணெய் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் நின்றால் அதன் குணம் வேகமாகக் கெடும். பிறகு உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கிளட்ச் தட்டுகள் வழுக்கத் தொடங்கும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 4 ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண ரேஞ்ச்) ஏறச் சிரமமான மேட்டில் மேனுவல் வண்டி திணறும், ஆஃப் ஆகும், வாசனை வரும். ஓட்டுபவர் வேறு வழியில்லாமல் 4 லோவுக்கு மாறுவார். ஆட்டோமேட்டிக் அதே மேட்டில் 4 ஹையிலேயே முனகாமல் ஏறிவிடும், ஏனென்றால் கன்வர்ட்டரே டார்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருகிறது. ஏறிவிட்டதே என்று ஓட்டுபவர் 4 லோ போடுவதே இல்லை. சூடு உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது. தாரிலும் ஃபார்ச்சூனரிலும் லோ ரேஞ்ச் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, ஜிம்னியில் இரண்டு மடங்கு. அதைப் போட்டால் கன்வர்ட்டர் மேல் விழும் சுமை அந்த அளவுக்குக் குறையும், எண்ணெயும் பிழைக்கும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் மேனுவல்காரர்களைவிடச் சீக்கிரமாக 4 லோ போட வேண்டும், தாமதமாக இல்லை.

அப்புறம் எண்ணெய் மாற்றுவது. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சில கார் கம்பெனிகள் சொல்கின்றன. புது லேண்ட் ரோவர் டிஃபென்டரிலும் இனியோஸ் கிரெனேடியரிலும் வருகிற 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன். மலையும் மணலும் ஓடுகிற வண்டிக்கு 60,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது, அதுவும் கையேட்டில் சொன்ன அதே வகை எண்ணெய். கிரெனேடியரைப் பற்றி இன்னொன்று: பழைய டிஃபென்டர் பிரியர்களுக்காகவே உருவான வண்டி, ஆனால் அதில் மேனுவலே கிடையாது.

தண்ணீரில் இரண்டுக்கும் ஆபத்து உண்டு. ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த ஆற்றுக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் பிரீதர் என்கிற காற்றுக் குழாய் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். மேனுவலில் அது கியர் ஆயிலைப் பால் நிறமாக்கும்; சீக்கிரம் வடித்து மாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் தட்டுகளின் ஒட்டுப் பூச்சே உரிந்துபோகும். வெளித் தண்ணீர்கூட வேண்டாம். 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருந்த கூலர் கசிந்து கூலன்ட்டும் கியர் எண்ணெயும் கலந்ததால் பல பெட்டிகள் வீணாயின. அமெரிக்காவில் அந்த ரேடியேட்டர்களுக்கு நிசான் வாரண்டியை நீட்டித்தது. தாருக்கு 650 மில்லிமீட்டர், ஃபோர்ஸ் கூர்காவுக்கு 700 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று எழுதியிருக்கும். பிரீதர் குழாயை எஞ்சின் பே உயரத்துக்கு நீட்டிவைப்பது எதற்கும் நல்லது. மேனுவலில் தண்ணீருக்குள் இருக்கும்போது கிளட்ச் மிதிக்கவே கூடாது, பிளேட்டுக்கு நடுவே சேறு போய்விடும்.

இறக்கத்தில் மட்டும் மேனுவல் 4 லோ முதல் கியருக்கு ஈடு எதுவும் இல்லை. எஞ்சினும் சக்கரமும் நேராகக் கட்டுண்டிருப்பதால் பிரேக்கைத் தொடாமலே இறங்கலாம்.

இனி வண்டி வாரியாக. ஃபோர்ஸ் கூர்காவில் தேர்வே இல்லை, 5 ஸ்பீடு மேனுவல்தான். மெர்சிடீஸ் வழிவந்த 2.6 டீசல், 2024 மாடலில் 320 நியூட்டன் மீட்டர், முன்னும் பின்னும் டிஃப் லாக், அதாவது ஒரே ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்து சுற்ற வைக்கும் பூட்டு. டயர் வீணாகச் சுற்றுவது குறைவதால் கிளட்ச்சும் குறைவாகவே அடிபடும். நம்பிப் போகலாம். மாருதி ஜிம்னியில் 134 நியூட்டன் மீட்டர்தான், எடையும் சுமார் 1,200 கிலோ. இவ்வளவு லேசான வண்டியில் 5 ஸ்பீடு மேனுவலும் 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கும் இரண்டுமே சுமையில்லாமல் ஓடும். எளிய அமைப்பு, விலையும் குறைவு என்பதால் நான் மேனுவலையே எடுப்பேன். ஃபார்ச்சூனரில் யோசிக்கவே வேண்டாம், ஆட்டோமேட்டிக். தாரில் டீசல் மேனுவல் நல்ல பெட்டி; ஆனால் ஓட்டப் போவது குடும்பத்தில் பலர் என்றால் ஆட்டோமேட்டிக் எடுங்கள். தார், ஃபார்ச்சூனர், இசுஸு வி-கிராஸ் மூன்றிலும் ஆட்டோமேட்டிக் பெட்டி ஜப்பானின் ஐசின் செய்தது.

கன்வர்ட்டருக்குப் பதிலாக எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச்கள் கொண்ட உலர் வகை டூயல் கிளட்ச் பெட்டிகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மெதுவாக ஊர்வதுதான் அவற்றுக்குக் கடினம், மலைப் பாதையில் அதுதான் முழுநேர வேலை.

பழைய வண்டி பார்க்கப் போனால் சில சோதனைகள் போதும். மேனுவலில் நாலாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள்; வேகம் கூடாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்தது. ஆட்டோமேட்டிக்கில் கொஞ்சம் எண்ணெய் வடித்து நிறம் பாருங்கள். இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கூர்கா, ஜிம்னி, ஃபார்ச்சூனர், தார் நான்கும் ஃபோர் வீலைத் தேவைப்படும்போது மட்டும் போடும் வகை, முன் பின் சக்கரங்களை வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் 4 ஹை போட்டு ஓட்டினால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு கியரும் செயினும் வீணாகும். எனவே சோதனையை மண் தரையில் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4 லோ போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அது ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் இறுகியிருக்கும். லிவர் மூட்டில் துரு மட்டும் என்றால் சின்ன வேலை. மின்சாரத்தில் மாறும் வகையில் மோட்டார் போயிருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.