ரொறன்ரோக் குளிரில் வற்றாளை: ஜோர்ஜியா ஜெட்டா, போரிகாட்டா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பின்வளவில் வற்றாளை, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நடுபவருக்கு முழுதாக நான்கு மாதம்கூடக் கிடைப்பதில்லை. மே மாதத்தில் உறைபனி கழிந்தாலும் மண்ணின் சூடு 15 பாகை செல்சியசைத் தாண்டும்வரை கொடி சோர்ந்தே கிடக்கும் என்பதால் நடுகை ஜூன் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. செப்டெம்பர் முடிவில் இரவுகள் 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் கிண்டிவிடவும் வேண்டும். இந்தக் கணக்கைப் பார்ப்பவர் எவரும் முதலில் ஜோர்ஜியா ஜெட் என்ற இனத்தையே நாடுவார். ஏறத்தாழ 90 நாளில் விளைவதும் குளிர்மண்ணில் விரைவாகப் பற்றிக்கொள்வதும் அதன் பெருமை. நானும் அதையே வாங்கினேன். இரண்டு பருவம் போரிகாட் என்ற இன்னோர் இனத்தை அதே பாத்தியில் பக்கத்தில் நட்டுப் பார்த்தபின், மூன்றாம் ஆண்டு போரிகாட்டை மட்டுமே நட்டேன்.

இரண்டுக்கும் சதை செம்மஞ்சள்தான். அவித்த பின் சுவையில் பெரிய வேறுபாடு இல்லை. ஊரில் தின்ற மாப்பிடிப்பான வற்றாளையை எதிர்பார்ப்பவருக்கு இரண்டுமே ஏமாற்றந்தான். இரண்டுக்கும் பாத்தியை மூடக் கறுப்புப் பொலித்தீன் வேண்டும். இரண்டின் இளம் இலையும் வறைக்கு உதவும்.

என் முடிவைத் தீர்மானித்தது கிழங்கின் இருப்பு. ஒரே நாளில் கிண்டியெடுக்கும் விளைச்சலைச் சிறு குடும்பம் ஒன்று பனிக்காலம் முழுவதும் உண்ண வேண்டியிருக்கையில், பத்து நாள் முந்தி விளைவதைவிடப் பெப்ரவரிவரை அழுகாமல் கிடப்பதே பெரிது. கிண்டிய கிழங்கை ஏறக்குறைய 29 பாகைச் சூட்டிலும் நல்ல ஈரப்பதனிலும் ஒரு கிழமை வைத்தால், காயங்களின் மேல் புதிய தோல் படிந்து, மாச்சத்தும் மெல்ல இனிப்பாக மாறத் தொடங்கும். சிறிய குளியலறையில் ஹீற்றரையும் நீர் நிரப்பிய வாளியையும் வைத்து இதைச் செய்கிறேன். மேலோட்டமான கீறல்கள் இதில் ஆறிவிடுகின்றன. ஆனால் காய்ந்த மண்ணில் திடீரெனப் பெருமழை பெய்தால் ஜோர்ஜியா ஜெட்டில் விழும் ஆழமான வெடிப்புகள் ஆறுவதில்லை. அவற்றின் மடிப்புகளில் மண் தங்கி, அங்கிருந்தே அழுகல் தொடங்குகிறது. முதலாண்டில் அதன் பாதிக்கு மேற்பட்ட கிழங்குகளை நத்தாருக்கு முன்பே அவித்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. அதே மழையை வாங்கிய போரிகாட், லூசியானா அரச பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட தென்னாட்டு இனமாக இருந்தும், பெரும்பாலும் வெடிக்காமல் வந்து, நிலவறையில் 14 பாகையளவில் மாசிவரை கிடந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடக் கூடாது. அங்கே எந்த இனமானாலும் நடு இறுகி, வெந்தாலும் கட்டியாகவே இருக்கும்.

சொட்டுநீர்க் குழாய் போட்டு ஈரத்தைச் சீராக வைத்திருப்பவருக்கு ஜோர்ஜியா ஜெட் இவ்வளவு வெடிக்காமல் போகலாம். நான் வாளியால் ஊற்றுபவன். ரொறன்ரோவுக்கு வடக்கே, பருவம் இன்னும் குறுகிய இடத்தில் இருந்திருந்தால், வெடிப்பைப் பொறுத்துக்கொண்டு அதையே நட்டிருப்பேன். ஒன்ராறியோவின் வைன்லாண்ட் ஆய்வு நிலையம் வடபகுதிக் காலநிலைக்கென உருவாக்கிய ரேடியன்ஸ் இனத்தில் ஆறு கொடிகளைக் கடந்த கோடையில் வைத்தேன். கிழங்கு வடிவாக இருந்தது, ஆனால் அது வெக்கை மிகுந்த கோடை என்பதால் அந்த ஒரு விளைச்சலை வைத்து அதைப் போரிகாட்டுக்கு மேலே வைக்க மாட்டேன்.