ஸூம் ஆர்16: வீட்டுக் கச்சேரிப் பதிவில் சில வருட அனுபவம்

ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனி டிராக்கில், அதாவது தனித்தனித் தடத்தில், பதியும் மல்ட்டிடிராக் ரெக்கார்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிராக் எண்ணிக்கையை. 8, 16, 24, 32. என் அனுபவத்தில் அதைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைத் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யும் என்பதுதான் அது. டாஸ்கம் டிபி-008இஎக்ஸில் 8 டிராக் உண்டு, ஆனால் ஒரே சமயத்தில் பதிவாவது 2 மட்டுமே. அதே கம்பெனியின் டிபி-24எஸ்டியிலும் டிபி-32எஸ்டியிலும் 24, 32 என்று டிராக் ஏறுகிறது, ஆனால் இரண்டிலும் ஒரே சமயத்தில் 8தான். நான் வைத்திருக்கும் ஸூம் ஆர்16-இல் 16 டிராக், ஒரே சமயத்தில் 8.

தனியாக உட்கார்ந்து கிடார் வாசித்து, அதன் மேல் பாடி, அப்புறம் கீபோர்டு சேர்ப்பவருக்கு 2 போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். 1979-இல் வந்த டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ 144 கேசட்டில் வெறும் 4 டிராக்கை வைத்துக்கொண்டே இப்படி வீட்டில் பாட்டு கட்ட வழி செய்தது.

கர்நாடக சங்கீதத்தை அப்படி அடுக்க முடியாது. அந்த நேரத்துக் கற்பனையில் விரித்துப் பாடும் நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும், தான் எங்கே போகப் போகிறோம் என்று பாடுகிறவருக்கே முன்கூட்டித் தெரியாது. மிருதங்கக்காரர் அவருடைய முகத்தையும் தொடையில் விழும் தாளத்தையும் பார்த்துத்தான் வாசிக்கிறார். வயலின் அரை நொடி பின்னால் தொடர்ந்து வருகிறது. பாட்டை முதலில் பதிந்துவிட்டு, பக்கவாத்தியத்தை ஹெட்போன் மாட்டி அடுத்த வாரம் வாசிக்கச் சொன்னால் கணக்கு சரியாக வரும், பேச்சு இருக்காது. மெட்ரோனோம் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். பக்திப் பாடல், மெல்லிசை என்றால் சரி. மெதுவாகப் போகும் விளம்ப காலக் கீர்த்தனையில் அது பாடகரின் மூச்சையே கட்டிவிடுகிறது. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பதிய வேண்டும். அதனால்தான் எனக்கு 8 உள்ளீடு தேவைப்பட்டது.

மைக்குகளை நான் அடுக்கும் முறையைச் சொல்கிறேன், இந்தப் பெட்டியின் அமைப்பு அதிலேயே புரிந்துவிடும். ஆர்16-இல் பாண்டம் பவர் (மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) 5, 6 என்ற இரண்டு உள்ளீடுகளுக்கு மட்டும்தான் உண்டு. அதாவது அந்த மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் இரண்டுதான் போட முடியும். அவை குரலுக்கும் வயலினுக்கும் போய்விடும். மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒன்று, கடம் இருந்தால் அதற்கு ஒன்று, எல்லாமே எஸ்எம்57 வகை, அந்த மின்சாரம் வேண்டாத டைனமிக் மைக். எலெக்ட்ரானிக் தம்புராவிலிருந்து ஒரு வயர் நேராக இன்னொரு உள்ளீட்டுக்கு. பெட்டியிலேயே இருக்கும் இரண்டு சின்ன மைக்குகள் 7, 8-ஐ எடுத்துக்கொள்ளும். அறையின் காற்றைப் பிடிக்க அவற்றை அவ்வப்போது பயன்படுத்துகிறேன். நாலைந்து கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி பொருந்தாது. வாங்கும் முன்பே இதை யோசித்துவிட வேண்டும்.

ஒரே அறையில் பதியும்போது எல்லா மைக்கிலும் எல்லாமே விழும். குரலின் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்க நகர்த்தும் குமிழை) ஏற்றினால் மிருதங்கமும் கூடவே ஏறும். இதற்கு எந்த ரெக்கார்டரும் மருந்து இல்லை, உட்காரும் இடம்தான் மருந்து. குரல் மைக்கின் முதுகு மிருதங்கத்தைப் பார்க்கும்படி வைக்கிறேன். பாடுகிறவரை மைக்குக்கு நெருக்கமாக உட்கார வைத்து, மிருதங்கத்தை வழக்கமான மேடைத் தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன். ரொம்பத் தள்ளினால் இருவருக்கும் இடையே கண் பேச்சு அறுந்துவிடும். தம்புராவை அறையில் மெதுவாகத்தான் ஒலிக்க விடுகிறேன். அதற்குத் தனி டிராக் இருப்பதால் பிறகு வேண்டிய அளவு ஏற்றிக்கொள்ளலாம். இந்த அமைப்பில் ஒரு வரியில் சுருதி விலகிவிட்டால் குரலை மட்டும் திரும்பப் பதிய முடியாது. பழைய குரல் மற்ற மைக்குகளில் மெல்லிதாக இருந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை எல்லோருமாகச் சேர்ந்து திரும்ப வாசிக்க வேண்டியதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை.

லேப்டாப்பும், மைக்குகளை அதோடு இணைக்கும் எட்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸும் இருந்தால் இதே வேலையைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆர்16-ஐயே யூஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸாகவும் இணைக்கலாம். ஆனால் பதிவு நடக்கும் அறையில் கம்ப்யூட்டர் இல்லாமல் இருப்பதன் அருமையை இத்தனை வருடத்தில் நன்றாக உணர்ந்திருக்கிறேன். லேப்டாப்பின் விசிறிச் சத்தம் இல்லை. நடுவில் அப்டேட் கேட்டு நிற்பதில்லை. திரையில் அலை ஓடுவதைப் பார்த்தபடி யாரும் பாடுவதில்லை. டிராக்குக்கு ஒரு பொத்தான், சிவப்பாக எரிந்தால் பதிவுக்குத் தயார். முடிந்ததும் அங்கேயே ஃபேடரை ஏற்றி இறக்கிப் போட்டுக் காட்டலாம். மூத்த வித்வான் ஒருவர், தொழில்நுட்பம் என்றாலே ஒதுங்குகிறவர், ஆலாபனை முடிந்ததும் தானே வயலின் ஃபேடரை இறக்கித் தன் குரலை மட்டும் கேட்டார்.

ஆறு ஏஏ பேட்டரியில் ஓடுவது எங்கள் ஊரில் பெரிய வசதி. மின்வெட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. எர்த் சரியில்லாத வீடுகளில் அடாப்டர் போட்டால் அடியில் ஒரு 'ம்ம்' சத்தம் வருவதுண்டு. பேட்டரிக்கு மாறியவுடன் அது போய்விடும். சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி போடுகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மீதி அளவைத் தப்பாகக் காட்டும். பாண்டம் பவர் போட்டிருந்தால் பேட்டரி வேகமாகத் தீரும், மாற்றுச் செட் ஒன்று கையில் இருக்கட்டும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவதற்கு மட்டும் எந்தக் கருவியிலும் வழி இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பிப்பதுதான் நாங்கள் கண்ட தீர்வு.

எப்போதும் 24 பிட்டில் பதியுங்கள், ஒலியை 16 பிட்டைவிட நுணுக்கமாகச் சேமிக்கும். கெயினை (மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) வைக்கும்போது மிருதங்கக்காரரைத் தனி ஆவர்த்தனத்தில் வாசிக்கும் வேகத்தில் வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தொடும் அளவில் நிறுத்துங்கள். கச்சேரி சூடு பிடித்ததும் எல்லோரும் அதைவிட ஓங்கி வாசிப்பார்கள். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி பிடிக்கும். ஆறு டிராக்கில் இரண்டு மணி நேரம் என்றால் ஆறு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்காது, வேண்டியதும் இல்லை. கார்டின் தரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான கார்டு ஒன்று வர்ணத்தின் பாதியில் எழுத முடியாமல் நின்று, அன்றைக்கு வந்த மிக நல்ல பதிவு போயே போய்விட்டது.

குறைகள் இருக்கின்றன. இரண்டு வரித் திரை, அலைவடிவம் தெரியாது. வெட்டி ஒட்டும் வேலையை இதில் செய்வது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. நான் கார்டிலிருந்து வேவ் கோப்புகளை லேப்டாப்புக்கு ஏற்றி ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் முடித்துக்கொள்கிறேன். ஹெட்போன் துளை ஒன்றுதான், நாலு பேர் கேட்க வேண்டுமென்றால் பிரித்துக் கொடுக்கும் சின்ன ஆம்ப் தனியாக வாங்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு இப்போது 2021-இல் வந்த ஸூம் ஆர்20 இருக்கிறது, தொடுதிரையிலேயே வெட்டலாம். மேடையிலும் பயன்படுத்த வேண்டுமென்றால் டாஸ்கம் மாடல் 12-ஐப் பாருங்கள், அது பத்து உள்ளீடு கொண்ட மிக்சர், தானே பதிவும் செய்யும். ஒருவரோ இருவரோ மட்டும் என்றால் ஸூம் ஆர்4 போதும். மெல்லிய ஒலியையும் ஓங்கிய ஒலியையும் ஒன்றாகப் பிடிக்கும் அதன் 32 பிட் ஃப்ளோட் முறையில், கீழ் மந்தர ஸ்தாயியிலிருந்து மேல் தார ஸ்தாயிக்குப் பாடகர் தாவும்போது கெயினைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆர்16-ஐப் பழையதாக வாங்குகிறவர்கள் ஒரே ஒரு மைக்கைக் கொண்டுபோய் எட்டு உள்ளீட்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பதிந்து பாருங்கள். 5, 6-இல் கண்டென்சர் மைக் உயிர் பெறுகிறதா என்று தனியாகப் பாருங்கள். பதிந்ததைப் போட்டுவிட்டு ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாக மேலும் கீழும் நகர்த்திக் கேளுங்கள், கரகரப்போ திடீர்த் தாவலோ இருக்கக் கூடாது. பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.